முத்திரைக்கு அடியில் வலி

நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண்ணியத்துக்கான கேடயம் கிடைத்த நாளிலிருந்து, அங்கே வந்த எவருக்கும் தொப்புளுக்குக் கீழே, தொடைக்கு மேலே எந்த வலியும் வந்ததில்லை. ஆஸ்பத்திரியின் ஆண்டறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. வந்திருந்தால் பலகையில் தெரிந்திருக்கும் அல்லவா?

பலகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வரவேற்பு மண்டபத்தில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு மனித உருவத்தை வரைந்து மாட்டியிருப்பார்கள். ஆண் என்றும் சொல்ல முடியாது, பெண் என்றும் சொல்ல முடியாது. எந்த நோயும் அண்டாதவர்களுக்கே உரிய ஒரு புன்னகை முகத்தில் இருக்கும். தலைக்கு நீலம், நெஞ்சுக்குச் சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள், கைகால்களுக்குப் பச்சை. நோயாளி வாயைத் திறக்கவே வேண்டாம். வலிக்கிற இடத்தில் விரலை வைத்தால் போதும். வரவேற்பில் இருக்கும் பெண் அந்த நிறத்தில் ஒரு வில்லையைச் சட்டையில் ஒட்டுவாள். தரையில் அதே நிறத்தில் ஓடும் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உரிய டாக்டரின் அறை வந்துவிடும். சொல்பவருக்கும் கூச்சம் இல்லை, கேட்பவருக்கும் கூச்சம் இல்லை. கண்ணியக் குழு என்று ஒன்று பல தடவை கூடி, பல தட்டு பிஸ்கட்டைக் காலி செய்து கண்டுபிடித்த ஏற்பாடு இது.

ஒரே ஓர் இடத்தில்தான் குழு தடுமாறிவிட்டது. அந்த இடத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் உறுப்பினர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எந்த நிறம் அடித்தாலும் கண் நேராக அங்கேதான் போகிறது என்று ஒருவர் வருத்தப்பட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியின் முத்திரையை அங்கே ஒட்டி மறைத்துவிட்டார்கள். தட்டு அளவில், வட்டமாக, பொன்னிறத்தில் பளபளக்கும் முத்திரை. இப்போது கண் இன்னும் வேகமாக அங்கே போகிறது என்பது வேறு விஷயம்.

அந்தப் பலகைக்கு முன்னால் முன்பகல் வேளையில் பஞ்சு நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு காலை ஊன்றினான், மாற்றினான், குனிந்தான், நிமிர்ந்தான், சுவரைப் பிடித்தான், விட்டான். உடம்பை எந்தப் பக்கம் வைத்தாலும் வலி அதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

சோபா தைக்கிற பட்டறையில் அவனுக்கு வேலை. எந்நேரமும் தலையில் பஞ்சு ஒட்டியிருப்பதால் சொந்தப் பெயர் போய் அதுவே பெயராகிவிட்டது. விடியற்காலையில் தூக்கத்திலேயே வலி எழுப்பிவிட்டது. இடது பக்க விதையை யாரோ உள்ளிருந்து பிடித்து முறுக்குவது போல ஒரு வலி. தொட்டுப் பார்த்தால் வீங்கி, வழக்கமான இடத்தை விட்டு மேலே ஏறிப்போயிருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஆனாலும் வேலைக்குப் போனான். இதை யாரிடம், எந்த வாயால் சொல்வது? பட்டறையில் ஸ்பாஞ்சுக் குவியலின் மேல் சுருண்டு கிடந்தவனைப் பார்த்து முதலாளி அவன் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா பஸ் கண்டக்டர். காலை டியூட்டி முடிந்த கையோடு, கழுத்தில் விசிலோடும் தோளில் பையோடும் ஓடி வந்து அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்கடா வலிக்குது? வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்."

"வயிறுக்கா."

"அப்ப வயித்துல விரல வையி."

பஞ்சு விரலை நீட்டினான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பெண் பார்த்து, பேசி, முடித்தது எல்லாம் இந்த அக்காதான். அவள் பக்கத்தில் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் பெரிய வரிசை நிற்கிறது. விரல் தானாகவே மேலே ஏறி மஞ்சளில் போய் நின்றது.

வயிற்று டாக்டர் படுக்க வைத்து அமுக்கினார். இங்கே வலிக்கிறதா என்றார், இல்லை என்றான். இங்கே என்றார், இல்லை என்றான்.

"இன்னும் கொஞ்சம் கீழ, டாக்டர்."

டாக்டரின் கை சட்டென்று நின்றது. "கீழயா? தம்பி, என் எல்லை இதோட முடியுது. நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து ஒரு தடவ கூட தொப்புள விட்டுக் கீழ எறங்கினதில்ல. அதுக்காகவே போன வருஷம் எனக்குப் பாராட்டு விழா வெச்சாங்க."

"ஆனா வலி அங்கதான் டாக்டர் இருக்கு. வாந்தி கூட வந்துச்சு."

"வாந்தியா!" டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அத மொதல்ல சொல்ல வேணாமா? வாந்தி எங்களோடது." பிரியமாக ஒரு பாட்டில் மருந்தை எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்ததும் பஞ்சு மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்தான். மருந்து வேலை செய்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வலி நகரவில்லை. மறுபடியும் பலகை. இந்தத் தடவை பஞ்சு எதிர்ப்பக்கத்திலிருந்து நெருங்கிப் பார்த்தான். முத்திரையின் கீழ் விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில், தொடையில் விரலை வைத்தான். பச்சை வில்லை கிடைத்தது. பச்சைக் கோடு ஆஸ்பத்திரியை முழுச் சுற்று சுற்றிக்கொண்டு போனது. ஒவ்வோர் அடிக்கும் அவனுக்கு உயிர் போய் வந்தது.

எலும்பு டாக்டருக்கு வேலையில் அபார உற்சாகம். காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், பஞ்சு அலறினான். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு டாக்டர் அப்படியே சொக்கிப் போனார். "இவ்ளோ சுத்தமான தொடை எலும்ப நான் பாத்து எத்தன வருஷமாச்சு!" என்று பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவருமாக அந்த எலும்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலும்புக்குச் சொந்தக்காரன் கட்டிலின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.

பஞ்சு தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு சொன்னான். "டாக்டர், தொடையில இல்ல. தொடைக்கு உள்பக்கமா, கொஞ்சம் மேல..."

டாக்டர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "உங்களப் பாத்தா நல்ல குடும்பத்துப் புள்ளை மாதிரி தெரியுது. இந்த மாதிரி பேச்செல்லாம் உங்களுக்கு எதுக்கு? வலி தானா சரியாப் போயிடும். சரியாப் போகலன்னாலும் வெளிய தெரியாது."

வெளியே வந்ததும் அக்கா சீறினாள். "வயிறுங்கிற, தொடைங்கிற, என்னதான்டா ஆச்சு உனக்கு? உன் வலி என்ன பஸ்ஸா, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு மாறுறதுக்கு?"

பஞ்சு சுவரில் சாய்ந்தான். வியர்த்து வழிந்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் பயமாக இருந்தது. உள்ளே ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கல்யாணம் ஆகி, குழந்தை குட்டி என்று ஆசைப்பட்டதெல்லாம் இந்த மண்டபத்திலேயே முடிந்துவிடுமோ என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறையாகப் பலகைக்கு முன்னால் போனான். கண்ணை மூடிக்கொண்டு பொன்னிற முத்திரையின் நடு மத்தியில் விரலை வைத்து அழுத்தினான்.

வரிசையில் யாரோ இருமினார்கள். வரவேற்புப் பெண் கொஞ்சமும் கலங்கவில்லை. "முத்திரையா சார்? முத்திரைன்னா நிர்வாகம்" என்று பொன் நிறத்தில் ஒரு வில்லையை ஒட்டினாள். "லிஃப்ட்ல மேல போங்க. பொன் கோட்டுக்குக் கம்பளமே போட்டிருக்கும்."

நிர்வாக இயக்குநரின் அறை குளுகுளுவென்று இருந்தது. கண்ணியக் குழுவுக்கும் அவரே தலைவர். சுவரில் கேடயம் மாட்டியிருந்தது. எதிரே விலை உயர்ந்த சோபா. அதில் பஞ்சு உட்கார்ந்தான், துள்ளி எழுந்தான், மறுபடி விளிம்பில் உட்கார்ந்தான். ஸ்பிரிங்கைச் சரியாகக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று அந்த வலியிலும் அவனுக்குப் பட்டது.

"வாங்க, வாங்க. முத்திரையப் பத்திப் பேச ஒருத்தர் தேடி வர்றது இதுதான் மொதல் தடவ" என்றார் இயக்குநர். "அது என் யோசனை. முத்திரைய அங்க ஒட்டினதுலேர்ந்து அந்தப் பக்கத்து நோயே நின்னு போச்சு. முன்னெல்லாம் எத்தன பேர் வருவாங்க தெரியுமா? இப்ப ஒருத்தர் இல்ல. எல்லாரும் எங்க போனாங்கன்னு எனக்கே தெரியல. குணமாயிட்டாங்கன்னு எடுத்துக்கிட்டோம்."

"சார், எனக்கு அங்க வலிக்குது."

"எங்க?"

"முத்திரை இருக்கிற எடத்துல."

இயக்குநர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க. நல்ல பழக்கவழக்கம் உள்ளவங்களுக்கு அங்கெல்லாம் வலி வராது. எனக்கு வந்ததில்ல. எங்க குழுவுல யாருக்கும் வந்ததில்ல. விசாரிச்சுத்தான் சேத்தோம்."

"அதுக்குன்னு டாக்டரே கிடையாதா சார்?"

"இருந்தாங்க. இருக்காங்க. ஒரு டாக்டரம்மா. கை தங்கமான கை, வாய்தான் சரியில்ல. ஒரு நோயாளிகிட்ட நேருக்கு நேரா, அந்த உறுப்போட பேரையே சொல்லிட்டாங்க. அவரு கோவப்படல, அது வேற விஷயம். அவருக்கு உடம்பு கூட தேவலாயிடுச்சு. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல? அதனால சொல்லாட்சிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கோம். 'அந்த இடம்'னு தடங்கல் இல்லாம சொல்ல வர்ற வரைக்கும் ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு."

"எப்ப சார் முடியும்?"

"அவங்க திருந்தினதும்" என்றார் இயக்குநர் பெருமூச்சு விட்டபடி. "மக்குன்னு சொல்ல மாட்டேன். பிடிவாதம்."

வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்தாள். தம்பியின் காதைப் பிடித்துத் திருகவில்லை. வாயருகே தன் காதைக் கொண்டுபோனாள். பஞ்சு சொன்னான். அக்காவின் முகம் வெளிறியது.

"காலையிலேர்ந்தா?"

தலையாட்டினான்.

"அட மடையா! அத எங்கிட்ட வயிறுன்னா சொன்ன?" என்றவள் அவனைத் தோளோடு அணைத்துத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்தாள். மாடி வராந்தாவின் கைப்பிடியில் நின்றால் கீழே மண்டபம் முழுதும் தெரியும். நெரிசல் நேரத்தில் பின் படிக்கட்டிலிருந்து டிரைவர் வரைக்கும் எட்டுகிற குரல் அவளுக்கு. முதலில் விசில் அடித்தாள். மண்டபம் நிமிர்ந்து பார்த்தது.

"என் தம்பிக்குக் கொட்டையில வலி! அதுக்கு உண்டான டாக்டர் எந்த ரூம்ல இருக்காங்க?"

வரவேற்புப் பெண் மேஜைக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தாள். காவலாளி தொப்பியைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரியாது. இயக்குநர் கேடயம் சுவரில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

வராந்தாவின் கோடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது. கையில் சாக்பீஸோடு ஒரு நடுவயதுப் பெண் வெளியே வந்தார். பின்னால் கரும்பலகையில் 'அந்த இடம்' என்று வரிவரியாக எழுதியிருந்தது.

"எந்தப் பக்கம்? எப்பலேர்ந்து?" என்றார் டாக்டரம்மா.

காலையிலிருந்து பஞ்சுவை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி. அதைக் கேட்டதுமே அவனுக்குப் பாதி உயிர் வந்தது. "இடது பக்கம். விடியக்காலைலேர்ந்து."

பக்கத்து அறையில் அவனைப் படுக்க வைத்து டாக்டரம்மா பார்த்தார். உள்தொடையை லேசாக வருடினார். நியாயமாக விதை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும், அசையவில்லை. ஏற்கெனவே மேலே ஏறி, குறுக்குவாட்டில் கிடந்தது. அவர் முகம் இறுகியது.

"விதை முறுக்கிக்கிச்சு. அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாயும் சேந்து முறுக்கிக்கிச்சு. ரத்தம் போகலன்னா செத்துடும். மொதல் அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள திருப்பி விட்டா பெரும்பாலும் பொழைக்கும். நாம அதத் தாண்டிட்டோம். ஸ்கேனுக்கெல்லாம் நிக்க நேரம் இல்ல. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகலாம்."

"நேத்து ஒரு பெரிய சோபாவ ஒத்த ஆளா தூக்கினேன் டாக்டர். அதனாலயா?"

"இல்லப்பா. சிலருக்குப் பொறக்கும்போதே உள்ள சரியாப் பிடிமானம் இல்லாம தொங்கும். அப்படி இருந்தா தூக்கத்துல கூட முறுக்கிக்கும். நீ ஒரு தப்பும் பண்ணல."

அந்த ஒரு வார்த்தைக்காக வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கலாம் என்று பஞ்சுவுக்குத் தோன்றியது. தள்ளுகட்டில் உருண்டது. "வழி விடுங்க! ஓரம் போங்க! நடுவுல நிக்காதீங்க!" என்று அக்கா முன்னால் விசிலடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு பக்கம் டாக்டரம்மா, மறுபக்கம் இயக்குநர், பின்னால் பயிற்சி கொடுக்கிறவர்.

"டாக்டர், ஒரே ஒரு தடவ 'அந்த இடம்'னு சொல்லிட்டுப் போங்க. உத்தரவு சரியாயிடும்" என்று இயக்குநர் மூச்சிரைக்கக் கெஞ்சினார்.

"அந்த இடத்துல உங்க உத்தரவ வைங்க" என்றார் டாக்டரம்மா. தியேட்டர் கதவு மூடியது. சொல்லிவிட்டாரா இல்லையா என்று இயக்குநரும் பயிற்சியாளரும் நெடுநேரம் விவாதித்து, சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பஞ்சு கண் விழித்தபோது சாயங்கால வெயில் ஜன்னலில் விழுந்திருந்தது. முத்திரைக்கென்று தனி வார்டு கிடையாது என்பதால் மஞ்சள் வார்டில்தான் போட்டிருந்தார்கள். நெடுக வயிற்று நோயாளிகள், கட்டிலுக்குக் கட்டில் திரை. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முறுக்க எடுத்து விட்டு, வெந்நீர்த் துணி சுத்தி, ரொம்ப நேரம் காத்திருந்து பாத்தேன்பா. நிறம் திரும்பல. எடுத்துட்டேன். வலது பக்கத்துலயும் அதே மாதிரி பிடிமானம் இல்லாமதான் இருந்துச்சு. அத நகராம தைச்சு வெச்சிருக்கேன். அது நல்லா இருக்கு. ஒண்ணு போதும். கல்யாணம், கொழந்தை, எதுக்கும் அனேகமா ஒரு தடங்கலும் வராது."

"நான் வந்த ஒடனே பாத்திருந்தா, டாக்டர்?"

அவர் மழுப்பவில்லை. "பொழைச்சிருக்கும்."

பஞ்சு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நேரத்துக்குத்தானே வந்தான். கீழே, அந்தப் பலகைக்கு முன்னால்தானே நின்றுகொண்டிருந்தான்.

டாக்டரம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எதிரே இருந்த வார்டு மேஜைக்குப் போய்க் குறிப்பு எழுத உட்கார்ந்தார். இயக்குநர் பூங்கொத்தோடு வந்து சேர்ந்தபோதே அந்தப் பெண்ணும் வந்துவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அடுத்த மாதம் பஞ்சுவைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். கடைச் சீருடையைக் கூட மாற்றாமல், முகமெல்லாம் வீங்கிப்போய் வந்தாள். எதையோ எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அக்கா போனில் சொல்லியிருந்தாள். வந்ததும் முதல் வேலையாகப் போர்வையின் கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பாதமும் இருந்தன. அப்படியும் அவள் அழுகை நிற்கவில்லை.

"என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்களேன்!"

"ஒண்ணும் இல்லம்மா. சின்ன ஆபரேஷன்தான்" என்றாள் தலைமாட்டில் நின்ற அக்கா, தரையைப் பார்த்தபடி. மாடியில் நின்று ஊரையே கூட்டிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"என்ன ஆபரேஷன், அண்ணி?"

"அந்த... உள்ள ஒரு..." என்று இழுத்த அக்கா தோள் பையின் வாரைத் திருக ஆரம்பித்தாள்.

இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். "குறிப்பிட்ட ஒரு பகுதியில, தவிர்க்க முடியாத ஒரு சூழ்நிலையில, ஒரு சின்ன இழப்பு. மனச தைரியமா வெச்சுக்குங்க. காலம் எல்லாத்தையும் ஆத்திடும்."

அவ்வளவுதான், அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எவ்ளோ நாள் இருப்பாரு?" என்று கேட்டாள்.

பஞ்சு எழுந்து உட்கார முயன்றான், முடியவில்லை. இவர்களை விட்டால் தன்னைப் பாடையில் ஏற்றாமல் விடமாட்டார்கள் என்று அவனுக்குக் கோபம் வந்தது. சொல்லிவிட்டால் இவள் இருப்பாளோ போவாளோ என்று பயமாகவும் இருந்தது. சொன்னான்.

"எனக்கு எடது பக்க விதை முறுக்கிக்கிச்சு. ரத்தம் போகாம செத்துடுச்சு. எடுத்துட்டாங்க. வலது பக்கத்துல ஒண்ணு இருக்கு. அத தைச்சு வெச்சிருக்காங்க. அது போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உனக்குப் போதாதுன்னா இப்பவே சொல்லிடு."

"தம்பி! தம்பி!" என்று இயக்குநர் பதறினார். "பெண்கள் இருக்கிற இடம்!"

"அந்தப் பொண்ணுகிட்டதான் சார் அவரு பேசிட்டிருக்காரு" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஞ்சுவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இதுக்கா இத்தன பேரும் எழவு வீடு மாதிரி பேசினீங்க? நான் பஸ்ஸுல வரும்போதே உங்களுக்குக் கருமாதி வரைக்கும் முடிச்சிட்டேன். வலிக்குதா இப்ப?"

"கொஞ்சம்."

"எங்க?"

எங்கே என்று பஞ்சு சொன்னான். அவள் தலையணையைச் சரி செய்து வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலின் திரை மெல்ல விலகியது. வழுக்கைத் தலையோடு ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். வயிற்று வலி என்று சேர்த்து, நாட்கணக்காக மருந்து குடித்துக்கொண்டிருப்பவர்.

"டாக்டரம்மா," என்றார் அவர், "எனக்கும் வயிறு இல்லம்மா. எனக்கு வெரை வீக்கம்."

அவருக்கு அடுத்த திரைக்குப் பின்னால் யாரோ எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "எனக்கு மூலங்க." அதற்கும் அடுத்த கட்டிலிலிருந்து, "எனக்கு ஒண்ணுக்குப் போக முடியல, வந்த அன்னிலேர்ந்து."

வார்டின் அந்தக் கோடி வரைக்கும் திரைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டே போயின. இயக்குநர் பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். டாக்டரம்மா எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போனார்.